தாமதத்துக்குச் சமாதானம்

எசமான் கேட்டது நேரத்தை.
விளக்கு வைக்கையில் கொடுத்த உத்தரவு
கோழி கூப்பிட்டு வெகுநேரம் கழித்து
கச்சேரி வாசலுக்கு வந்ததேன் என்று.
சொல்லுகிறேன்.
சொல்லுகிறவன் சேவகன் சிவனணைந்தான்.
கூட வந்தவன் உச்சிமாகாளி.

கைதி, கள்ளியடிவிளை உபதேசி ஞானாபரணம்.
வயசு எழுபதுக்கு மேல்.
தேர் வடம் பிடிக்க வேதக்காரன் எவனும் போகாதே என்று
சொன்னதாகக் குற்றம்.
ஒளித்துவைத்த இடத்தை
அடுப்படிப் பையன் ஒருத்தன் சொன்னான்.
சும்மா சொல்லவில்லை.
புளியம் விளாறு ஏழு செலவு.

தேரிக்குள் வண்டி இறங்காது.
உடைமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தோம்.
ஆனிக் காற்று.
திரும்பிப் பார்த்தால் எங்கள் காலடியே இல்லை.
அப்படிக் காற்றில் ஒரு மனுஷன்
பின்வேலி தாண்டிவிட்டால்
போனதுதான்.
கைதிக்கு அது தெரியும்.
நாய் குரைத்தது. நேரமும் இருந்தது.
ஓலைக் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.
"வாங்கய்யா, காத்துல வந்திருக்கிய.
கண்ணுல மண்ணு விழுந்திருக்கும், கழுவுங்க."

எனக்கு வாசிப்பு கிடையாது.
உத்தரவை நீட்டினேன்.
வாங்கி, விளக்கில் பிடித்து,
அவனே எனக்கு வாசித்துக் காட்டினான்.
தன் பேரில் ஒரு எழுத்துப் பிழை என்று
சிரித்தான்.

"மாசிலாமணி, பிள்ளைகளுக்கு என்னமும் வை."
பிள்ளைகள் என்றது எங்களை.
கேப்பைக் கூழ், காணத் துவையல்.
உச்சிமாகாளி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று
முற்றத்திலேயே நின்றான்.
"கருப்பட்டிக்குத் தீட்டு கெடையாதாம்லா" என்று
ஒரு வட்டை அவன் கையில் வைத்தாள் அந்த அம்மாள்.
அவள் அழவில்லை எசமான்.
அகப்பையைத்தான் ஓங்கி ஓங்கி வைத்தாள்.

நீங்க சாப்பிடுததுக்குள்ள
ஒரு நாழிகை ஜெபம் பண்ணிக்கிடுதேன் என்று கேட்டான்.
கொடுத்தேன். தப்பு என்னுடையது.

நின்றபடியே ஆரம்பித்தார்கள்.
இந்த இடத்தில் மரியாதை ஏறிவிட்டது,
ராயசம் வேண்டுமானால் அடித்துக்கொள்ளட்டும்.
பாட்டு இல்லை, கும்பிட்டு விழவில்லை.
பேர்கள்.
கிணறு வெட்டுகையில் மண் சரிந்து போன இரண்டு பேர்,
பால் வராத ஒரு தாய்,
போன கோடையில் ஜெபக்கொட்டகைக்குத் தீ வைத்தவன்,
அவன் மகளுக்குத் தள்ளிப்போகிற கல்யாணம்,
கடன் திருப்பாத உப்பு யாவாரி,
கும்பினிக் கலெக்டர்,
எசமான், நீங்களும்,
உங்கள் முழங்கால் வாதமும்.
பிறகு அந்தப் பையன்.
"அவன் முதுகு ஆறணும் ஆண்டவரே,
அதுக்கு முந்தி மனசு.
விளாறு பிடிச்ச கையும் வலிச்சிருக்கும்."
அது யார் கை என்று அவர்களுக்குத் தெரியாது.
நான் அதைக் கூழ்ச்சட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாழிகை ஐந்தாச்சு.
நடுவில் நான் கண்ணயர்ந்ததும் உண்டு.

நாங்குநேரி ரஸ்தாவில் வண்டி ஏறினதும்
உச்சிமாகாளி நல்லபடியாகத்தான் பேசிப் பார்த்தான்.
வடத்தை இழுக்க வேண்டாம்,
ஒரு விரலால் தொடுங்கள்,
நாங்கள் கண்டோம் என்று சாட்சி சொல்லுகிறோம்.
"தொட மாட்டேன்."
அதற்குமேல் பேச்சில்லை.
எனக்கு ஏன் கோபம் வந்தது, தெரியாது.
இனி நடந்து வாரும் என்று
ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிட்டேன்.
முளைக்குச்சியில் மாட்டி
முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய உரிந்தது.
வேறு யாருடைய காலோ என்பதுபோல எழுந்து
மாட்டுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்கள்.
சிந்தியிருக்கும்.
செம்மண்ணில் தெரியாது எசமான்.

இதற்குமேல் சொல்ல இல்லை.
உச்சிமாகாளி அந்தக் கருப்பட்டியை
மடியிலேயே வைத்திருக்கிறான், கடிக்கவில்லை.
அந்தப் பேர்களுக்குள்ளே
தன் பேரும் வந்ததா என்று
விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
வந்தது என்றேன்.

என் காதில் விழவில்லை.
கண்ணயர்ந்த நேரத்தில் வந்திருக்கலாம்.

இது சிவனணைந்தான் கீறல்.